ஜியோவன்னி பட்டிஸ்டா மார்ட்டினி

ஜியோவன்னி பட்டிஸ்டா மார்ட்டினி (ஏப்ரல் 24, 1706 – ஆகஸ்ட் 3, 1784) இத்தாலியைச் சேர்ந்த பிரான்சிசுக்கன் துறவி, இசையமைப்பாளர், இசை ஆசிரியர், இசை வரலாற்றாசிரியர் ஆவார். பாத்ரே மார்ட்டினி, அதாவது மார்ட்டினி அடிகள், என்ற பெயரிலேயே இவர் பரவலாக அறியப்படுகிறார். இளம் மொசார்ட்டுக்கு வழிகாட்டியவர் என்ற முறையில் இவர் பெயர் இன்று பெரிதும் நினைவுகூரப்படுகிறது. எனினும் இவர் தம் வாழ்நாள் முழுவதும் சேர்த்துப் பாதுகாத்த இசை நூலகமே இவருடைய முதன்மையான பங்களிப்பாகக் கருதப்படுகிறது. 18ஆம் நூற்றாண்டின் மிகப்பெரிய தனியார் இசைத் தொகுப்புகளுள் ஒன்றான அந்நூலகத்தின் பெரும்பகுதி இத்தாலியின் பொலோஞ்ஞா நகரில் இன்றும் பேணப்படுகிறது.

இளமைக் காலம்

மார்ட்டினி பொலோஞ்ஞா நகரில் பிறந்தார். இவருடைய தந்தை அந்தோனியோ மரியா மார்ட்டினி வயலின் கலைஞர். மார்ட்டினி தொடக்க இசைப் பயிற்சியைத் தந்தையிடமே பெற்றார். பின்னர் வாய்ப்பாட்டு, ஹார்ப்சிகார்டு ஆகியவற்றையும், கவுண்டர்பாயிண்ட் எனப்படும் கலையையும் வெவ்வேறு ஆசிரியர்களிடம் கற்றார். ஒரே நேரத்தில் ஒலிக்கும் பல குரல்வரிகளை, ஒவ்வொன்றும் தனித்தன்மை இழக்காதவாறு ஒன்றோடொன்று பின்னி அமைக்கும் முறையே கவுண்டர்பாயிண்ட் ஆகும். அந்தோனியோ ரிச்சியேரி, ஜாக்கோமோ அந்தோனியோ பெர்த்தி ஆகியோர் இவருடைய ஆசிரியர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள்.

இவர் இளம் வயதிலேயே பிரான்சிசுக்கன் சபையில் சேர்ந்து, லூகோ என்ற ஊரில் துறவுப் பயிற்சி பெற்றார். 1725ஆம் ஆண்டில், தம் 19ஆம் வயதில், பொலோஞ்ஞாவின் புனித பிரான்சிசு கோவிலில் இசைத் தலைவராகப் பொறுப்பேற்றார். 1729ஆம் ஆண்டில் குருவானார். வெளியூர்களிலிருந்து அழைப்புகள் வந்தபோதும் இவர் பொலோஞ்ஞாவை விட்டு நிலையாக வெளியேறவில்லை. சிறு பயணங்கள் நீங்கலாக, தம் வாழ்நாள் முழுவதையும் அக்கோவிலை ஒட்டிய மடத்திலேயே கழித்தார்.

இசை நூலகம்

பின்னணி

மார்ட்டினி வாழ்ந்த காலத்தில் இசை பெரும்பாலும் உடனடித் தேவைக்காகவே எழுதப்பட்டது. ஒரு திருவிழாவுக்கோ அரங்க நிகழ்ச்சிக்கோ எழுதப்பட்ட இசை, அது முடிந்தபின் மீண்டும் பயன்படுவது அரிது. ஒரு பாணி வழக்கொழிந்ததும் அதன் ஏடுகள் கவனிப்பாரின்றிக் கிடந்து அழிவது இயல்பாக இருந்தது.

16ஆம் நூற்றாண்டுப் பல்குரல் இசைக்கு மற்றொரு இடரும் இருந்தது. அக்காலத்தில் ஒவ்வொரு குரலுக்கும் உரிய இசை தனித்தனிப் புத்தகமாக அச்சிடப்பட்டது. ஐந்து குரல் பாடல் ஒன்று ஐந்து புத்தகங்களில் பிரிந்து கிடக்கும். அவற்றுள் ஒன்று தொலைந்தாலும் பாடல் குறையுற்றதாகிவிடும். அனைத்துப் புத்தகங்களும் ஒருங்கே கிடைத்தாலும், அவற்றை ஒரே தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தாலன்றி இசையமைப்பின் நுணுக்கம் கண்ணுக்குப் புலப்படாது. எனவே பழைய இசையைக் கற்க விரும்புபவர், முதலில் அதைத் தேடிச் சேர்ப்பவராகவும் படியெடுப்பவராகவும் இருக்க வேண்டியிருந்தது.

சேகரித்த முறை

மார்ட்டினி துறவியாதலின் பெருஞ்செல்வம் உடையவர் அல்லர். இவருடைய நூலகம் பெரும்பாலும் கடிதங்கள் வழியாகவே வளர்ந்தது எனலாம். ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் இசையறிஞர்கள் இசைக் கோட்பாடு தொடர்பான ஐயங்களையும் சர்ச்சைகளையும் இவருக்கு எழுதி அனுப்பித் தீர்ப்புக் கேட்டனர். இவர் விடையளித்ததோடு, தமக்குத் தேவையான நூல்களையும் கையெழுத்துப் படிகளையும் அவர்களிடம் கேட்டுப் பெற்றார். முன்னாள் மாணவர்கள் தாம் பணிபுரிந்த நகரங்களிலிருந்து புதிய இசைநூல்களை அனுப்பினர். வாங்க இயலாதவை படியெடுக்கப்பட்டன.

இவருடன் கடிதத் தொடர்பு கொண்டிருந்தவர்களுள் வயலின் மேதை தர்த்தீனி, கவிஞர் மெத்தஸ்தாசியோ, பிரெஞ்சு இசைக் கோட்பாட்டாளர் ராமோ ஆகியோர் அடங்குவர். இவரது கடிதத் தொகுப்பில் ஏறத்தாழ 6000 கடிதங்கள் எஞ்சியுள்ளன. 18ஆம் நூற்றாண்டு இசை வாழ்க்கையை அறிய உதவும் முதன்மையான சான்றுகளுள் இத்தொகுப்பும் ஒன்றாகும்.

ஆங்கிலேய இசை வரலாற்றாசிரியர் சார்ல்ஸ் பர்னி 1770ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பொலோஞ்ஞாவுக்கு வந்து இந்நூலகத்தைப் பார்வையிட்டார். அதில் சுமார் 17,000 தொகுதிகள் இருக்கும் என அவர் மதிப்பிட்டார். அச்சு நூல்கள், கையெழுத்துப் படிகள், இசைக் கோட்பாட்டு நூல்கள், இசைத்தாள்கள் ஆகிய அனைத்தும் இதில் அடங்கியிருந்தன. பர்னியும் அப்போது ஓர் இசை வரலாற்றை எழுதத் திட்டமிட்டிருந்தார். போட்டியாளராகக் கருதப்படக்கூடிய அவருக்கும் மார்ட்டினி தம் நூலகத்தைத் திறந்துவிட்டார் என்பது குறிப்பிடத்தக்கது.

படியெடுத்தலின் பயன்

ஜெர்மனியின் சங்க்ட் பிளாசியன் மடத்தின் தலைவரான மார்ட்டின் கெர்பெர்ட், மார்ட்டினியின் நண்பர். மார்ட்டினி பொது இசை வரலாற்றையும் கெர்பெர்ட் தேவாலய இசையின் வரலாற்றையும் எழுதுவதென இருவரும் பணியைப் பகிர்ந்துகொண்டனர். 1768ஆம் ஆண்டில் கெர்பெர்ட்டின் மடம் தீக்கிரையானது. அவர் திரட்டி வைத்திருந்த சான்றுகளுள் ஒரு பகுதியும் அதில் அழிந்தது. எனினும் அவர் மனந்தளராது பணியைத் தொடர்ந்து, 1774ஆம் ஆண்டில் தம் நூலை வெளியிட்டார். ஒரே ஒரு படியாக இருக்கும் ஏடு எவ்வளவு எளிதில் மறைந்துவிடும் என்பதற்கு இந்நிகழ்வு எடுத்துக்காட்டாகும்.

ஓவியத் தொகுப்பு

மார்ட்டினி நூல்களை மட்டுமன்றி இசைக்கலைஞர்களின் உருவப்படங்களையும் சேகரித்தார். தம் காலத்து இசைக்கலைஞர்களுக்குக் கடிதம் எழுதி, அவர்களுடைய படத்தை வரைவித்து அனுப்புமாறு வேண்டினார். ஜொகான் செபாஸ்தியன் பாக்கின் இளைய மகனான ஜொகான் கிறிஸ்தியன் பாக், புகழ்பெற்ற ஆங்கிலேய ஓவியர் தாமஸ் கெயின்ஸ்பரோவைக் கொண்டு தம் படத்தை வரைவித்து மார்ட்டினிக்கு அளித்தார். மொசார்ட்டின் படம் ஒன்று 1777ஆம் ஆண்டில் சால்ஸ்புர்க் நகரில் மார்ட்டினிக்காகப் படியெடுக்கப்பட்டு அனுப்பப்பட்டது. அதன் மூல ஓவியம் இன்று இல்லை. மார்ட்டினிக்கு அனுப்பப்பட்ட படியே எஞ்சியுள்ளது.

ஓவியர் ஜுசெப்பே மரியா கிரெஸ்பி வரைந்த இரு அலமாரிக் கதவுகளும் இந்நூலகத்துடன் தொடர்புடையனவாக மரபாகக் கருதப்படுகின்றன. இசைநூல்கள் அடுக்கப்பட்ட தட்டுகள் கண்முன் இருப்பதுபோல அக்கதவுகளில் தீட்டப்பட்டுள்ளன.

எழுத்துப்பணி

நூலகத்தின் துணைகொண்டு மார்ட்டினி எழுதிய முதன்மை நூல் இசை வரலாறு ஆகும். இதன் முதல் தொகுதி 1757 என்ற ஆண்டுக் குறிப்புடனும், இரண்டாம் தொகுதி 1770ஆம் ஆண்டிலும், மூன்றாம் தொகுதி 1781ஆம் ஆண்டிலும் அச்சிடப்பட்டன. முதல் தொகுதி யூதர், எகிப்தியர் முதலிய தொன்மையான மக்களின் இசையைப் பற்றியது. அடுத்த இரு தொகுதிகளும் கிரேக்க இசையை ஆராய்கின்றன. இடைக்கால இசையைப் பற்றிய நான்காம் தொகுதியை இவரால் நிறைவுசெய்ய இயலவில்லை. எனவே, இவர் மிகுதியாகச் சேகரித்திருந்த பிற்கால ஐரோப்பிய இசையை இவ்வரலாறு எட்டவேயில்லை.

இக்குறையை ஓரளவு நிறைவுசெய்வது, 1774–1775ஆம் ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளிவந்த இவருடைய கவுண்டர்பாயிண்ட் பாடநூல் ஆகும். இந்நூலில் விதிகளை மட்டும் கூறிச் செல்லாமல், பலஸ்திரீனா முதலிய பழைய ஆசிரியர்களின் பாடல்களை முழுமையாகத் தந்து, ஒவ்வொன்றின் அமைப்பையும் மார்ட்டினி விளக்கியுள்ளார். நூலகத்தில் இருந்த இசை இவ்வாறு மாணவர்களின் கைகளுக்குச் சென்றது.

மாணவர்கள்

மார்ட்டினியிடம் கற்றவர்களுள் ஜொகான் கிறிஸ்தியன் பாக், நிக்கோலோ யோமெல்லி, ஆந்திரே கிரெத்ரி, ஜொகான் கோட்லீப் நௌமன், ஸ்தனிஸ்லாவோ மத்தேயி ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள்.

மொசார்ட்டின் தேர்வு

1770ஆம் ஆண்டு மார்ச் மாதம் 14 வயதான வொல்ப்காங் அமதேயுஸ் மொசார்ட் தந்தையுடன் பொலோஞ்ஞாவுக்கு வந்தார். மார்ட்டினி அவருக்குப் பயிற்சிக்குரிய இசைக் கருக்களைக் கொடுத்துச் சோதித்தார். அதே ஆண்டின் கோடையில் மொசார்ட் மீண்டும் வந்தபோது மார்ட்டினியிடம் கவுண்டர்பாயிண்ட் பயின்றார். அக்டோபர் 9 அன்று பொலோஞ்ஞாவின் அக்காதெமியா பிலார்மோனிகா என்ற இசைக்கழகத்தில் உறுப்பினராவதற்கான தேர்வை மொசார்ட் எழுதினார். தனியறையில் இருந்து, கொடுக்கப்பட்ட பழைய தேவாலயப் பண் ஒன்றுக்கு மேலும் மூன்று குரல்களைப் பழைய விதிகளின்படி அமைக்க வேண்டும் என்பதே தேர்வு. மொசார்ட் தேர்ச்சி பெற்றதாக அறிவிக்கப்பட்டது.

இத்தேர்வு தொடர்பாக மூன்று தாள்கள் கிடைத்துள்ளன. மொசார்ட் தாமே எழுதியது ஒன்று. மார்ட்டினியின் கையெழுத்தில் உள்ள, பெரிதும் மாறுபட்ட விடை மற்றொன்று. மார்ட்டினியின் விடையைப் பார்த்து மொசார்ட் எழுதிய படி மூன்றாவது. மொசார்ட்டின் சொந்த விடையில் பழைய விதிகளுக்கு மாறான இடங்கள் சில உள்ளன. எனவே மார்ட்டினி அவருக்கு உதவியிருக்க வேண்டும் என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். உதவி எப்போது, எந்த அளவில் நிகழ்ந்தது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஒரு மேதையின் இளமைத் தடுமாற்றத்தையும் ஓர் ஆசிரியரின் பரிவையும் ஒருங்கே காட்டும் இத்தாள்கள், அழிக்கப்படாமல் பாதுகாக்கப்பட்டமையாலேயே இச்செய்தி பிற்காலத்தவருக்குத் தெரியவந்தது.

விமர்சனங்கள்

மார்ட்டினி பழைமையில் அளவுகடந்த பற்றுக் கொண்டவர் என்ற விமர்சனம் அவர் காலத்திலேயே எழுந்தது. எசுப்பானிய அறிஞர் அந்தோனியோ எக்சிமேனோ, மார்ட்டினியின் பாடநூலை மறுத்து 1775ஆம் ஆண்டில் ரோமில் ஒரு நூல் வெளியிட்டார். வழக்கொழிந்த தேவாலயப் பண்களை அடிப்படையாகக் கொண்டு புதிய மாணவர்களுக்கு இசை கற்பிப்பது பொருந்தாது என்பது அவர் வாதம். மார்ட்டினியின் இசை வரலாற்றில் செய்திகள் மிகுந்தும் அவற்றைச் சீர்தூக்கும் திறனாய்வு குறைந்தும் காணப்படுவதாகப் பின்வந்தோர் குறை கூறியுள்ளனர். ஆயினும் இவ்விமர்சனங்கள் அவருடைய நூலகத்தின் மதிப்பைக் குறைக்கவில்லை.

மறைவும் நூலகத்தின் பின்வரலாறும்

பல ஆண்டுகள் நோயால் துன்புற்ற மார்ட்டினி, ஆகஸ்ட் 3, 1784 அன்று பொலோஞ்ஞாவில் காலமானார். அவருடைய மாணவரும் சக துறவியுமான ஸ்தனிஸ்லாவோ மத்தேயி (1750–1825) கோவிலின் இசைப் பொறுப்பை ஏற்றார். நூலகமும் அவர் பாதுகாப்பில் வந்தது.

பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் நூலகம் பேராபத்தை எதிர்கொண்டது. நெப்போலியனின் படைகள் வட இத்தாலியைக் கைப்பற்றியதைத் தொடர்ந்து துறவு மடங்கள் கலைக்கப்பட்டன. 1798ஆம் ஆண்டில் புனித பிரான்சிசு மடமும் மூடப்பட்டு, கோவில் சுங்கச் சாவடியாக மாற்றப்பட்டது. அக்காலத்தில் பல மடங்களின் நூலகங்கள் சிதறிப்போயின. மடத்தை விட்டு வெளியேற நேர்ந்த மத்தேயி, தம் ஆசிரியரின் தொகுப்பு சிதறாமல் காத்தார்.

1804ஆம் ஆண்டில் பொலோஞ்ஞாவில் லிச்சேயோ என்ற இசைப்பள்ளி தொடங்கப்பட்டது. மத்தேயி அங்கு ஆசிரியரானார். ரொசீனி, தொனிசெத்தி ஆகிய புகழ்பெற்ற இசையமைப்பாளர்கள் அங்கு அவரிடம் கற்றனர். 1816ஆம் ஆண்டில் மத்தேயி நூலகத்தை இப்பள்ளிக்குக் கொடையாக வழங்கினார். இதனால் ஒரு தனிமனிதரின் தொகுப்பு பொதுச்சொத்தாகியது.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நூலகராகப் பணியேற்ற கயெத்தானோ கஸ்பரி (1807–1881), தொகுப்பை விரிவுபடுத்தியதோடு அதற்கு விரிவான அட்டவணையையும் உருவாக்கினார். அவர் மறைவுக்குப் பின் 1890ஆம் ஆண்டிலிருந்து அது தொகுதிகளாக அச்சிடப்பட்டது. எந்த நூல் எங்குள்ளது என்பது ஐரோப்பிய ஆய்வாளர் அனைவருக்கும் தெரியவந்தது இதன் பின்னரேயாகும்.

இன்றைய நிலை

இத்தொகுப்பு இன்று பொலோஞ்ஞா நகராட்சியின் பன்னாட்டு இசை அருங்காட்சியகம் மற்றும் நூலகத்தின் அடித்தளமாக விளங்குகிறது. அருங்காட்சியகம் 2004ஆம் ஆண்டில் சங்குயினெத்தி மாளிகையில் திறக்கப்பட்டது. மார்ட்டினி தொடங்கிய ஓவியத் தொகுப்பின் பல படங்கள் அங்குக் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. 1501ஆம் ஆண்டில் வெனிசு நகரில் பெத்ருச்சி வெளியிட்ட, அச்சுக்கோர்ப்பு முறையில் அச்சிடப்பட்ட முதல் பல்குரல் இசைநூலின் முதற்பதிப்பில் எஞ்சியுள்ள ஒரே படியும் இந்நூலகத்தில்தான் உள்ளது. நூலகத்தின் கையெழுத்துப் படிகள் பலவற்றின் எண்ணிம உருவங்கள் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. லிச்சேயோ பள்ளியின் வழிவந்த அரசு இசைக்கல்லூரி மார்ட்டினியின் பெயரைத் தாங்கியுள்ளது.

அச்சில் வெளிவந்த முக்கிய படைப்புகள்

• வழிபாட்டு இசைத் தொகுப்பு – 1734
• ஆர்கன், ஹார்ப்சிகார்டு ஆகியவற்றுக்கான சொனாட்டாக்கள் – 1742, 1747
• இசை வரலாறு, மூன்று தொகுதிகள் – 1757, 1770, 1781
• இருவர் பாடும் அறையிசைப் பாடல்கள் – 1763
• கவுண்டர்பாயிண்ட் பாடநூல், இரு தொகுதிகள் – 1774, 1775

பெயர்க் குழப்பம்

பிளெசீர் தமூர் என்ற புகழ்பெற்ற பிரெஞ்சுக் காதற்பாடல் சில வேளைகளில் தவறாக இவர் பெயரில் குறிக்கப்படுகிறது. அதனை இயற்றியவர், ஜெர்மனியில் பிறந்து பிரான்சில் வாழ்ந்த ழான் போல் எஜீத் மார்ட்டினி (1741–1816) ஆவார். இருவரும் வெவ்வேறானவர்கள்.