ஏழையின் வீட்டுக் கணக்கை எழுதிய ஆடிட்டர்

இலத்தூரில் இருந்து மதுரைக்குப் போகிறவர்கள் புளியங்குடி, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லாம் தாண்டிய பிறகு டி.கல்லுப்பட்டியைப் பார்ப்பார்கள். அங்கே காந்தி நிகேதன் ஆசிரமம் இருக்கிறது. பெரிய பொருளாதார மேதை ஒருவர் தமது கடைசிக் காலத்தை அங்கேதான் கழித்தார்.

அவர் பெயர் ஜே.சி.குமரப்பா.

சீமைப் படிப்பு

1892-ம் ஆண்டு ஜனவரி 4-ந்தேதி தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். முதலில் அவர் பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, பம்பாயில் ஆடிட்டர் தொழில் நடத்தினார். நல்ல வருமானம். உடை, பழக்க வழக்கம் எல்லாம் வெள்ளைக்காரர் போலத்தான்!

பிறகு அமெரிக்கா சென்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தார். ஒரு நாள், இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்பது பற்றி ஒரு சர்ச்சில் பேசினார். அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்த பேராசிரியர் செலிக்மன், அதையே ஆராய்ச்சி செய்யும்படி சொல்லிவிட்டார்.

ஆராய்ந்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெள்ளைக்கார சர்க்கார் வாங்கிய வரியில் பட்டாளத்துக்குப் போனது ஏராளம். பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போனது கொஞ்சம்.

சாணித் தரை

1929-ல் ஊர் திரும்பினார். தமது ஆராய்ச்சியைக் காட்டுவதற்காக சபர்மதி ஆசிரமத்துக்குப் போனார். மரத்தடியில், சாணி மெழுகிய தரையில், ஒரு கிழவர் நூல் நூற்றுக்கொண்டு இருந்தார். குமரப்பா கைத்தடியை ஊன்றியபடி வேடிக்கை பார்த்தார். கிழவர் பேர் சொல்லி விசாரித்த பிறகுதான், அவரே காந்தி என்று தெரிந்தது!

யாரோ நாற்காலி கொண்டு வந்தார்கள். குமரப்பா அதில் உட்காரவில்லை. பட்டுக் கால்சட்டை கசங்குமே என்று பாராமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

54 கிராமங்கள்

குஜராத்தில் மாத்தர் தாலுகாவை ஆராயும் வேலையைக் காந்தி கொடுத்தார். குமரப்பாவுக்கோ குஜராத்தி தெரியாது. குஜராத் வித்யா பீட மாணவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு, 54 கிராமங்களின் நிலையை ஆராய்ந்தார். நிலம் எவ்வளவு, மாடு எத்தனை, விளைந்தது என்ன, கடன் எவ்வளவு என்று கேட்டுக் கேட்டு எழுதினார்கள்.

எத்தனை ஏக்கர், எவ்வளவு வரி என்ற கணக்கு சர்க்காரிடமும் இருந்தது. வரி கட்டிய பிறகு குடியானவன் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்பது அதில் இல்லை. குமரப்பா கம்பெனிக்கு எழுதுவது போல அவனுக்கும் வரவு-செலவு எழுதிப் பார்த்தார். பலருக்குச் செலவு போக மிச்சமே இல்லை! கடன் வாங்கித்தான் வரி கட்டினார்கள். 1931-ல் இது புத்தகமாக வந்தது.

சாப்பாட்டுச் செலவு

1934-ல் பீகாரில் பூகம்பம். நிவாரண நிதியின் கணக்கு குமரப்பா கையில் இருந்தது. காந்தி தமது கோஷ்டியுடன் வந்தார். கோஷ்டியின் செலவை நிதியில் எழுத முடியாது என்று குமரப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்! காந்தியும் அதை ஏற்றுக்கொண்டார்.

அதே ஆண்டு வார்தாவில் கிராமக் கைத்தொழில் சங்கம் தொடங்கப்பட்டது. அதை நடத்தும் பொறுப்பு இவருக்கு வந்தது. நடுவே சிறைவாசமும் உண்டு.

சுதந்திரம் வந்ததும், காங்கிரஸ் அமைத்த விவசாயச் சீர்திருத்தக் கமிட்டிக்குத் தலைவர் ஆனார். உழுகிறவனுக்கும் சர்க்காருக்கும் நடுவில் தரகர் கூடாது, நிலத்துக்கு உச்சவரம்பு வேண்டும் என்று 1949-ல் அறிக்கை கொடுத்தார். டெல்லியில் இருந்தவர்கள் பெரிய ஆலைகள் பக்கம் திரும்பினார்கள். பழைய நண்பர்கள் என்றும் பாராமல் அவர்களைக் கண்டித்து எழுதினார் குமரப்பா.

கல்யாணம் செய்துகொள்ளாதவர். உடல்நலம் கெட்டபோது கல்லுப்பட்டி ஆசிரமத்தில்தான் இருந்தார். சென்னையில் ஆஸ்பத்திரியில் காலமானார். அன்று 1960-ம் ஆண்டு ஜனவரி 30-ந்தேதி. காந்தி சுடப்பட்டதும் ஒரு ஜனவரி 30-ந்தேதிதான்.