கோட்டை பாண்டும் முத்துசுவாமி தீக்ஷிதரும்

கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்தில் இருப்பது முகத்துவாரக்குப்பம். அங்கிருந்து தென்மேற்கே சில மைல் போனால் மணலி. இன்று எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையைச் சொன்னால்தான் பலருக்கு அந்த ஊர் தெரிகிறது. சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீக்ஷிதர் இளமையில் வாழ்ந்த ஊர் அது.

தீக்ஷிதர் 1775-ல் திருவாரூரில் பிறந்தார். ஹம்ஸத்வனி ராகத்தை உண்டாக்கிய ராமசுவாமி தீக்ஷிதர் அவருடைய தந்தை. தந்தையின் வித்தையில் மனம் பறிகொடுத்த மணலி முத்துகிருஷ்ண முதலியார் குடும்பத்தையே தம் ஊருக்கு அழைத்து வந்து ஆதரித்தார். முதலியார் கம்பெனியாரிடம் துபாஷாக இருந்தவர். அந்தக் குடும்பத்தின் தயவால் ஜார்ஜ் கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பாண்டு வாத்தியத்தைக் கேட்கும் வாய்ப்பு சகோதரர்களுக்குக் கிடைத்தது. தம்பி பாலுசுவாமி பிடில் கற்றுக்கொண்டு, அதை நமது சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். அண்ணனைக் கவர்ந்தவை மெட்டுகள்.

நமக்கு ஒரு சமயத்தில் ஒரு ஸ்வரம், கூடவே சுருதி. அவர்களோ மூன்று நான்கு ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிப்பார்கள். அதற்குக் 'கார்டு' என்று பெயர். வீட்டில் ஹார்மோனியம் இருந்தால் 1 கட்டையை ஸட்ஜமாக வைத்துக்கொண்டு, வெள்ளைக் கட்டைகளில் ஸ, க, ப மூன்றையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். காதுக்கு நிம்மதியாக இருக்கும். பிறகு ப, நி, மேல் ரி, மேல் ம நான்கையும் அழுத்தி, அப்படியே நிறுத்திவிடுங்கள். வரவேண்டிய தும்மல் வராமல் நின்றதுபோல் ஓர் அவஸ்தை! நிஷாதமும் மத்யமமும் ஒன்றோடொன்று ஒட்டாததுதான் காரணம். நி பக்கத்துக் கட்டைக்கு ஏறி மேல் ஸ ஆகவேண்டும். ம பக்கத்துக் கட்டைக்கு இறங்கி க ஆகவேண்டும். ஆனதும் அவஸ்தை தீர்ந்துவிடும். மேல்நாட்டுச் சங்கீதம் பெரும்பாலும் இந்தத் தவிப்பையும் தீர்வையும் வைத்தே நடக்கிறது.

தீக்ஷிதர் கார்டுகளைத் தொடவில்லை. மெட்டை மட்டும் எடுத்து, கமகமில்லாமல் நேர் ஸ்வரங்களில், சங்கராபரணத்தில் ஸாஹித்யம் செய்தார். இப்படிச் சுமார் 40 உருப்படிகள். நோட்டு ஸ்வரங்கள் என்பது பெயர். பிரிட்டிஷ் ராஜகீதத்தின் மெட்டுக்கூட 'ஸந்ததம் பாஹிமாம்' ஆயிற்று! இவற்றைக் குழந்தை விளையாட்டு என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. ஆனால் அந்த மெட்டுகள் கார்டுகளின் மேல் பிறந்தவை. ஆகவே ஒற்றைக் குரலில் பாடினாலும் ஸ-க-ப என்று தாவுவதும், நிஷாதத்தில் தவித்து ஸட்ஜத்தில் அமர்வதும் பளிச்சென்று கேட்கின்றன. ஆரம்ப மாணவனுக்கு இதைவிட எளிய பாடம் ஏது?

மணலியிலிருந்து சிதம்பரநாத யோகியுடன் காசிக்குப் போனார் தீக்ஷிதர். திரும்பிய பின் திருத்தணியில் கிருதிகள் தொடங்கின. அவை கமகம் நிறைந்த சௌக்க காலத்துக் கிருதிகள். கோட்டை பாண்டின் சாயலை அவற்றில் தேடினால் ஏமாற்றமே. தமக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

1835-ல் தீபாவளியன்று எட்டயபுரத்தில் அவர் காலமானார். அதே எட்டயபுரத்தில் 1905-ல் சுப்பராம தீக்ஷிதர் வெளியிட்ட 'பிரதமாப்யாஸ புஸ்தகமு'வில் நோட்டு ஸ்வரங்கள் 33 அச்சாயின.