சிவஞான முனிவர்

பாண்டிநாட்டிலே பாபநாசத்தை அடுத்த விக்கிரமசிங்கபுரத்தில் ஆனந்தக்கூத்தருக்கும் மயிலம்மைக்கும் மகனாகப் பிறந்தவர் சிவஞான முனிவர். பெற்றோர் இட்ட பெயர் முக்களாலிங்கர். இளமையிலேயே திருவாவடுதுறை ஆதீனத்தைச் சேர்ந்து துறவு பூண்டார். தமிழும் வடமொழியும் ஒருங்கே கற்றுத் தேர்ந்தார். 1785 ஆம் ஆண்டு இறைவனடி சேர்ந்தார்.

சிவஞானபோதத்துக்கு அவர் எழுதிய மாபாடியமே அவருடைய நூல்களுள் தலையாயது. ஆயினும் பரீட்சைக்கு ஆயத்தமாகும் மாணவர்க்கு உடனே பயன்படுவது, அன்னம்பட்டரின் வடமொழி நூலை அவர் தமிழாக்கிய தருக்கசங்கிரகமாகும். நல்லூர் ஆறுமுக நாவலர் (1822-1879) இதனைப் பரிசோதித்து அச்சிற் பதிப்பித்தார்.

பிறருக்கு ஒன்றை நிறுவிக் காட்டும் அனுமானத்துக்கு இந்நூல் ஐந்து உறுப்புகள் கூறும். அன்புவழிபுரத்தில் ஒரு வளவின் பின்புறம் புகை எழுகிறது என வைத்துக்கொள்வோம். அங்கே தீ உண்டு என்பது பிரதிஞ்ஞை. புகை இருப்பதால் என்பது ஏது. புகையுள்ள இடத்தில் தீ உண்டு, அடுக்களை போல என்பது உதாரணம். இந்த வளவும் அவ்வாறு புகையுடையது என்பது உபநயம். ஆகவே தீ உண்டு என்பது நிகமனம். முதலாவதும் ஐந்தாவதும் ஒரே செய்திதான், தொழில் வேறு. முன்னது நிறுவ எடுத்துக்கொண்டது, பின்னது நிறுவப்பட்டது. முடிவு பந்தியின் ஈற்றில்தான் வரும் என்று நம்பி, நுண்ணறிவு வினாக்களில் மாணவர் புள்ளி இழப்பது இவ்விடத்திலேதான். ஏதுவையும் முடிவையும் இடம் மாற்றுவதும் ஆகாது. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் தீ உண்டு, புகை இல்லை.

முனிவர் தம் நூல்களிலும் இவ்வொழுங்கைப் பேணினார். மாபாடியத்தில் பிறர் கொள்கையை முதலில் நிறுத்திப் பின்னரே மறுப்பார். அப்பகுதியை அவருடைய கருத்தென்று கொள்பவர் நூலையே தலைகீழாகப் படித்தவராவர்.

காஞ்சிப்புராண அரங்கேற்றம் பற்றி ஒரு செய்தி வழங்குகிறது. காஞ்சிக்குரிய புராணத்தில் ஏகாம்பரநாதரை விட்டுத் தில்லை நடராசரை முதலில் வாழ்த்தியது தவறு எனச் சிலர் தடை எழுப்பினர். அது அவர்கள் முடிவு. தலத்து இறைவனையே முதலில் வாழ்த்தவேண்டும் என்பது அதற்கு அடியாக நின்ற எடுகூற்று. முனிவரின் மாணாக்கர் கச்சியப்ப முனிவர் அந்த முடிவோடு வாதாடவில்லை. அவ்வூர் ஓதுவாரைத் தேவாரம் ஓதும்படி கேட்டார். ஓதுவார் வழக்கப்படி திருச்சிற்றம்பலம் என்று தொடங்கினார். திருச்சிற்றம்பலமோ தில்லையைக் குறிப்பது! தங்கள் கோயில் வழக்கமே எதிராக நிற்கக் கண்டு தடைகூறியோர் வாயடங்கினர்.

ஓதுவார் செயல் இங்கே முடிவு அன்று, எதிர் உதாரணம். புராணம் சிறந்தது என்பதை அது நிறுவவில்லை. தடையின் அடியை மட்டுமே தகர்த்தது. விடைத் தெரிவுகளில் இவ்விரண்டும் அருகருகே தரப்படும், கவனிக்க. காஞ்சிப்புராணத்தின் இரண்டாங் காண்டத்தைப் பாடியவரும் இக்கச்சியப்ப முனிவரே.