வானத்துக் கண்ணாடியும் ஆர்தர் சி. கிளார்க்கும்

கல்கிசைக்குத் தெற்கே, மொறட்டுவை கட்டுபெத்தையில் ஆர்தர் சி. கிளார்க்கின் பெயரால் ஒரு தொழில்நுட்ப நிறுவகம் இயங்குகின்றது. அப்பெயருக்குரியவரின் வாழ்வை நமது இளந்தலைமுறை அறிந்திருத்தல் அவசியமாகும்.

1917ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்த கிளார்க், இரண்டாம் உலகப் போரில் விமானப்படையின் ராடர் பிரிவில் பணியாற்றினார். பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீற்றர் உயரத்தில் மூன்று நிலையங்களை நிறுத்தினால் உலகெங்கும் ஒலிபரப்பலாம் என 1945 ஒக்டோபரில் எழுதினார். அக்கருத்துக்கு அவர் காப்புரிமை எதுவும் பெறவில்லை. 1956இல் இலங்கையில் குடியேறினார்.

அக்கருத்து கைகூடுமுன் எளிய வழியொன்று பரீட்சிக்கப்பட்டது. 1960 ஓகஸ்ட் 12ஆம் திகதி அமெரிக்கா ஏவிய 'எக்கோ 1', அலுமினியம் பூசப்பட்ட மெல்லிய பலூன் செய்மதியாகும். சுமார் 30 மீற்றர் விட்டமுடைய அது, வானொலி அலைகளைக் கண்ணாடிபோல் தெறிக்கச் செய்தது. சூரிய ஒளியையும் தெறிக்கச் செய்ததால் வெறுங்கண்ணுக்கே புலப்பட்டது. பருமன் பெரிதாகவும் எடை குறைவாகவும் இருந்தமையால், மிக மெல்லிய உயர்வளியும் அதன் வேகத்தைத் தணித்தது. அதன் பாதை மாறிய அளவைக்கொண்டு அவ்வுயரத்துக் காற்றின் அடர்த்தியை விஞ்ஞானிகள் கணித்தனர். இதே நோக்கத்துக்கென 1961இல் 3.66 மீற்றர் விட்டமுடைய 'எக்ஸ்புளோரர் 9' ஏவப்பட்டது. 1968 மே மாதம் எக்கோ வளிமண்டலத்தில் வீழ்ந்து அழிந்தது.

எனினும் வெறுமனே தெறித்து வரும் அலை மிக நலிந்தது. அலையைப் பெற்று, பெருக்கி, மீள அனுப்பும் செய்மதியே தேவைப்பட்டது. 1964இல் 'சின்கொம் 3' நிலையான சுற்றுப்பாதையை அடைந்தபோது கிளார்க்கின் கணிப்பு மெய்யாயிற்று. 1975இல் இந்தியக் கிராமங்களுக்கான செய்மதித் தொலைக்காட்சியைக் காண, கொழும்பிலுள்ள அவரது இல்லத்திலேயே இந்திய அரசு வாங்கியொன்றை அமைத்துக் கொடுத்தது.

வானை அளந்த அவர் நமது கடலையும் ஆராய்ந்தார். 1956இல் மைக் வில்சனுடன் திருகோணமலைக் கடலடியில் கோணேசர் ஆலயத்தின் சிதைவுகளைக் கண்டார். கிரேட் பாசஸ் பாறைகளருகே வில்சன் கண்டறிந்த கப்பலிலிருந்து, ஔரங்கசீப் காலத்து, ஹிஜ்ரி 1113ஆம் ஆண்டு பொறித்த வெள்ளி நாணயங்கள் மீட்கப்பட்டன. அவ்வரலாற்றைக் கிளார்க் நூலாக்கினார்.

1979 முதல் 2002 வரை மொறட்டுவைப் பல்கலைக்கழக வேந்தராயிருந்த அவர், 2008 மார்ச் 19இல் கொழும்பில் காலமாகி, பொரளை மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

தமிழரின் ஆலயச் சிதைவையும் முஸ்லிம் மன்னரின் நாணயத்தையும் உலகறியச் செய்தவர் கடல்கடந்து வந்த ஒருவர். அத்தேடலை அடுத்து நமது பிள்ளைகள் தொடர வேண்டாமா? வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பரீட்சைப் புள்ளிகளுக்காக மட்டும் விஞ்ஞானம் கற்பிக்கும் பெற்றோரும் ஆசிரியரும் இதனைச் சிந்திப்பார்களாக.