அல்ஜிப்ரா தந்த அல்-குவாரிஸ்மி

கணக்கு என்றதும் நம்மில் பலர் அஞ்சுகிறோம். இலக்கியம் பயில்வோர் சற்று விலகியே நிற்கிறோம். சமன்பாடு ஒரு வீட்டின் பாகப்பிரிவினையைத் தீர்க்கவும் கைகொடுத்தது என அறியும்போது அச்சம் அகன்று வியப்பு மேலிடுகிறது. அக்கலையை முறைப்படுத்தி நூலாக்கிய பெருமகனார் முகம்மது இப்னு மூசா அல்-குவாரிஸ்மி ஆவார்.

கி.பி. 780 அளவில் பிறந்த இவர், அப்பாசியக் கலீபா அல்-மஃமூன் (813-833) ஆட்சியில் பக்தாதின் ஞான இல்லத்தில் வானியலும் கணிதமும் ஆய்ந்தார். இந்திய எண்முறையை விளக்கியும் நூல் செய்தார். இவரது 'அல்ஜப்ர் வல்முகாபலா' நூலே அல்ஜிப்ராவுக்குப் பெயர் தந்தது. வணிகம், நில அளவை, வாரிசுரிமை ஆகியவற்றில் மக்களுக்குப் பயன்படுவதே அந்நூலின் நோக்கம். அதன் பெரும்பகுதி உயில், வாரிசுப் பங்கு பற்றிய கணக்குகளே.

அவற்றுள் ஒன்றைக் காண்போம். ஒருவர் இரு மைந்தரை விட்டு இறக்கிறார். கையிருப்பு 10 திர்ஹம். மைந்தருள் ஒருவன் தந்தைக்கு 10 திர்ஹம் கடன்பட்டவன். சொத்தில் மூன்றிலொரு பங்கு அயலார் ஒருவருக்கு என்பது உயில். கடன்பட்டவனின் பங்கு அவன் கடனில் கழியும். அப்பங்கையும் கையிருப்போடு கூட்டியே சொத்தை மதிப்பிட வேண்டும். பங்கு தெரியாமல் சொத்து தெரியாது. சொத்து தெரியாமல் பங்கும் தெரியாது!

அத்தெரியாத பங்கை அவர் 'பொருள்' என்றே அழைத்தார். சொத்து, 10 திர்ஹமும் ஒரு பொருளும். மூன்றிலொன்று அயலாருக்குப் போக எஞ்சியதை இருவர் பகிர்ந்தால், ஒருவருக்கு 3⅓ திர்ஹமும் பொருளில் மூன்றிலொன்றும் வரும். இதுவே ஒரு பொருளுக்குச் சமம். அறியாதது இருபுறமும் நிற்கிறது. இருபுறமும் பொருளில் மூன்றிலொன்றை நீக்கினால், எஞ்சிய மூன்றிலிரண்டு 3⅓ திர்ஹம் ஆகும். எனவே பொருள் 5. மூவருக்கும் ஐந்தைந்து. கையிருப்பை அயலாரும் மற்ற மைந்தனும் சமமாகப் பெறுவர்.

இவ்வாறு இருபுறமும் ஒத்தவற்றை நீக்குதல் முகாபலா. கழிக்கப்பட்டதை இருபுறமும் கூட்டி நிறைவாக்குதல் ஜப்ர். இன்று நாம் எழுதும் எக்ஸ் என்ற எழுத்தோ சமக்குறியோ அவரிடம் இல்லை. யாவும் சொற்களே! சமக்குறி அச்சேறியது 1557இல்தான்.

அவர் 850 அளவில் மறைந்தார். 1145இல் செஸ்டர் ராபர்ட் அந்நூலை இலத்தீனில் பெயர்த்தார். கணினித் துறையில் வழங்கும் 'அல்காரிதம்' என்ற சொல்லும் அவர் பெயரின் திரிபே.

ஒருபுறம் செய்ததை மறுபுறமும் செய்க என்பது நம் வகுப்பறையில் வெறும் விதியாக ஒலிக்கிறது. அவர் நூலிலோ அது அயலாருக்கும் மைந்தருக்கும் ஒரே தராசைப் பிடித்த நீதியாகும். அந்நீதியை எடுத்துச் சொல்லிக் கற்பித்தால், மாணவர் கணக்கை அஞ்சார், விரும்புவர்.