ராக் இசைக்கு ஏடு கண்ட ரால்ப் கிளீசன்

'ரோலிங் ஸ்டோன்' உலகறிந்த அமெரிக்க இசைப் பத்திரிகை. 1967-ம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ நகரில் அது தொடங்கியது. அப்போது அதன் ஆசிரியர் யான் வென்னருக்கு வயது 21. கல்லூரிப் படிப்பைப் பாதியில் நிறுத்தியவர். அவரோடு சேர்ந்து பத்திரிகையைத் தொடங்கிய மற்றொருவருக்கு வயது 50. தினசரி ஒன்றில் 17 ஆண்டுகள் பணியாற்றியவர். மூன்று பிள்ளைகளின் தந்தை. அவர் பெயர் ரால்ப் கிளீசன்.

பிள்ளைகள் கேட்கும் பாட்டை இரைச்சல் என்று பெற்றோர் வெறுத்த காலம் அது. மின்சாரக் கிதாரும் டிரம்ஸும் முழங்கும் ராக் இசையை அமெரிக்கப் பெரிய மனிதர்கள் பலர் கேலி செய்தார்கள். அந்த இசைக்குப் பத்திரிகை வேண்டும் என்று 50 வயதுக்காரர் ஒருவர் ஏன் நினைத்தார்? பதிலை அவருடைய வாழ்க்கையில்தான் தேட வேண்டும்.

அம்மையும் வானொலியும்

கிளீசன் 1917-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி நியூயார்க்கில் பிறந்தார். பள்ளி நாட்களில் அவருக்குத் தட்டம்மை கண்டது. படுத்த படுக்கையாகக் கிடந்த பையனுக்கு வானொலிப் பெட்டிதான் துணை. இரவு நேரத்தில் தொலைதூர நகரங்களிலிருந்து ஜாஸ் இசை கேட்டது.

ஜாஸ் என்பது அமெரிக்கக் கறுப்பர்கள் உலகுக்குத் தந்த இசை. நியூ ஆர்லியன்ஸ் நகரில் வளர்ந்தது. எழுதி வைத்ததை அப்படியே வாசிக்காமல், கலைஞர்கள் மேடையிலேயே கற்பனையை விரித்து வாசிப்பார்கள். அம்மை இறங்கிவிட்டது. ஜாஸ் பித்து மட்டும் இறங்கவே இல்லை.

கொலம்பியா பல்கலைக் கழகத்தில் படித்து 1938-ல் வெளியே வந்தார். அடுத்த ஆண்டே நண்பர்களுடன் சேர்ந்து 'ஜாஸ் இன்பர்மேஷன்' என்ற சிறு ஏட்டைத் தொடங்கினார். ஆரம்பத்தில் அது சைக்ளோஸ்டைல் செய்த சில பக்கங்கள்தான். ஆனால் ஜாஸ் இசைக்கென்றே அமெரிக்காவில் தோன்றிய முதல் ஏடுகளில் அதுவும் ஒன்று. நீண்ட நாள் நடக்கவில்லை. ஓர் இசையை நேசிப்பவர்கள் அதைப் பற்றிய செய்தியையும் கேட்பார்கள் என்ற பாடம் அவருக்கு அங்கே கிடைத்தது.

இரண்டாம் உலகப் போரின்போது அரசாங்கத்தின் போர்த் தகவல் அலுவலகத்தில் வேலை பார்த்தார். போர் முடிந்ததும் மேற்குக் கடற்கரைக்குப் போய், சான் பிரான்சிஸ்கோ பகுதியில் குடியேறினார்.

தினசரியில் புதிய வேலை

1950-ல் 'சான் பிரான்சிஸ்கோ கிரானிக்கிள்' தினசரியில் சேர்ந்தார். அந்தக் காலத்துப் பெரிய தினசரிகளில் இசை விமர்சகர் என்றால் ஆபராவையும் சிம்பனியையும் பற்றி எழுதுபவர் என்றே பொருள். இரவு விடுதிகளில் வாசிக்கும் கறுப்புக் கலைஞர்களுக்கும், கிதாரோடு ஊர் ஊராகப் போகும் பாடகர்களுக்கும் அந்தப் பக்கத்தில் இடம் அரிது. எப்போதாவது ஓர் அறிவிப்பு வரும். அவ்வளவுதான்.

கிளீசன் இந்த வழக்கத்தை மாற்றினார். ஜாஸையும் மக்கள் இசையையும் முழுநேர வேலையாக எழுதிய முதல் பெரிய தினசரி விமர்சகர் என்று அவரைச் சொல்வார்கள். 1952-ல் நாட்டுப்புறப் பாடகர் ஹாங்க் வில்லியம்ஸைச் சந்தித்துப் பேட்டி எழுதினார். அடுத்த ஆண்டு புத்தாண்டு தினத்தில் அந்தப் பாடகர் 29 வயதில் இறந்து போனார். பேட்ஸ் டோமினோ, எல்விஸ் பிரெஸ்லி ஆகியோரைப் பற்றியும் அவர்களுடைய ஆரம்ப காலத்திலேயே எழுதினார். அவருடைய பத்திகள் வேறு ஊர்ப் பத்திரிகைகளிலும் வெளியாயின.

பத்தி எழுதுவதோடு அவர் நிற்கவில்லை. 1958-ல் ஜிம்மி லயன்ஸ் என்பவருடன் சேர்ந்து மான்டரே ஜாஸ் விழாவைத் தோற்றுவித்தார். 1960-களில் 'ஜாஸ் கேஷுவல்' என்ற அரைமணி நேரத் தொலைக்காட்சி நிகழ்ச்சியை நடத்தினார். ஜான் கோல்ட்ரேன், டிஸ்ஸி கில்லஸ்பி, கவுண்ட் பேசி, பி.பி.கிங் போன்ற மேதைகள் அதில் வந்து வாசித்தார்கள். அலங்காரம் இல்லை, ஆரவாரம் இல்லை. கலைஞர் வாசிப்பார், பிறகு கிளீசனுடன் பேசுவார். அந்தக் கலைஞர்கள் மறைந்த பிறகு, அந்தப் படச்சுருள்கள் பொக்கிஷமாகிவிட்டன.

கலைஞர்களுக்கு வழக்கு வந்தபோதும் அவர் ஒதுங்கி நிற்கவில்லை. லென்னி புரூஸ் என்ற நகைச்சுவைக் கலைஞர் மேடையில் ஆபாசமாகப் பேசினார் என்று சான் பிரான்சிஸ்கோ போலீசார் வழக்குத் தொடர்ந்தார்கள். 1962-ல் நடந்த விசாரணையில் கிளீசன் கூண்டில் ஏறி புரூசுக்காகச் சாட்சி சொன்னார். ஜூரிகள் புரூசை விடுதலை செய்தார்கள்.

துறைமுகத் தொழிலாளர் மண்டபத்தில்

1965-ல் சான் பிரான்சிஸ்கோவில் காற்று மாறியது. துறைமுகத் தொழிலாளர் சங்கத்தின் மண்டபத்தை வாடகைக்கு எடுத்து இளைஞர்கள் ராக் இசை நடன நிகழ்ச்சிகள் நடத்தினார்கள். நீண்ட தலைமுடியும் விதவிதமான உடையுமாக ஆயிரக்கணக்கில் கூடினார்கள். ஊரார் முகம் சுளித்தார்கள்.

கிளீசன் நேரில் போய்ப் பார்த்தார். பார்த்ததை எழுதினார். ஜெபர்சன் ஏர்பிளேன், கிரேட்புல் டெட் ஆகிய குழுக்களை ஊருக்கு அறிமுகம் செய்த பேனாக்களில் அவருடையது முக்கியமானது. பில் கிரஹாம் என்பவர் பில்மோர் மண்டபத்தில் இசை நிகழ்ச்சிகள் நடத்த அனுமதி கேட்டார். நகர அதிகாரிகள் 1966-ல் மறுத்தார்கள். கிளீசன் தம் பத்தியில் அவருக்காக வாதாடினார். கிரானிக்கிளும் தலையங்கம் எழுதியது. பிறகு அனுமதி கிடைத்தது. ராக் இசை வரலாற்றில் பில்மோருக்குத் தனி இடம் உண்டு.

புதியதை எல்லாம் அவர் கண்ணை மூடிக்கொண்டு புகழ்ந்துவிடவில்லை. பாப் டிலனின் பாட்டை 1963-ல் மான்டரேயில் முதலில் கேட்டபோது அவருக்குப் பிடிக்கவில்லை. பின்னர் மறுபடியும் கேட்டார். முதலில் தாம் சரியாகக் கேட்கவில்லை என்பதை அச்சிலேயே ஒப்புக்கொண்டார். 1965 டிசம்பரில் டிலனின் நிருபர் கூட்டத்தைத் தொலைக்காட்சி நிலையத்தில் ஏற்பாடு செய்து நடத்தியதும் அவரே.

கடன் பணத்தில் ஒரு பத்திரிகை

இந்த நடன மண்டபங்களில்தான் பெர்க்லி பல்கலைக் கழக மாணவர் யான் வென்னர் அவரைச் சந்தித்தார். கிளீசனின் பத்தியைத் தவறாமல் படித்து வந்தவர் அவர். கிளீசன் அந்த இளைஞரைத் தம் வீட்டுப் பிள்ளை போல நடத்தினார். 'ராம்பார்ட்ஸ்' என்ற பத்திரிகையின் ஞாயிறு ஏட்டில் வேலையும் வாங்கிக் கொடுத்தார்.

1967-ல் ராம்பார்ட்ஸ் ஆசிரியர் ஹிப்பி இளைஞர்களைக் குறை சொல்லி ஒரு கட்டுரை எழுதினார். கிளீசனும் அந்தப் பத்திரிகையின் ஆசிரியர் குழுவில் இருந்தவர்தான். கட்டுரையை அவரால் ஏற்க முடியவில்லை. ராஜினாமா செய்தார். அந்த ஞாயிறு ஏடும் நின்றது. வென்னருக்கு வேலை போயிற்று. இருவரும் சொந்தமாகப் பத்திரிகை தொடங்க முடிவு செய்தார்கள்.

குடும்பத்தாரிடமும் மற்றவர்களிடமும் வென்னர் திரட்டிய 7,500 டாலர்தான் மூலதனம். பிரானன் தெருவில் ஓர் அச்சகத்தின் மாடியில் அலுவலகம். அச்சு வேலையை அங்கேயே கொடுப்பதால் இடத்துக்கு வாடகை இல்லை. பெயரைச் சொன்னவர் கிளீசன். உருளும் கல்லில் பாசி பிடிக்காது என்பது ஆங்கிலப் பழமொழி. அந்தப் பெயரில் மடி வாட்டர்ஸின் பாட்டு ஒன்று உண்டு. டிலனின் புகழ் பெற்ற பாட்டும் உண்டு. பிரிட்டிஷ் இசைக்குழு ஒன்றுக்கும் அதே பெயர்தான்.

முதல் இதழ் 1967 நவம்பர் 9-ந் தேதியிட்டு வந்தது. விலை 25 சென்ட். அச்சிட்ட 40,000 பிரதிகளில் பெரும்பாலானவை விற்காமல் திரும்பி வந்தன.

ஆனால் அந்த இதழில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இருந்தது. அந்த ஆண்டு ஜூன் மாதம் மான்டரேயில் பெரிய பாப் இசை விழா நடந்தது. நம் நாட்டு ரவிசங்கரின் சிதார் வெளிநாட்டு இளைஞர்களை மயக்கியது அந்த விழாவில்தான். கலைஞர்கள் அநேகமாக ஊதியம் வாங்காமல் வாசித்த விழா அது. அதில் வந்த பணம் எங்கே போயிற்று என்று முதல் இதழே கணக்குக் கேட்டது.

பாட்டைப் புகழ்வதற்கு மட்டும் பத்திரிகை இல்லை. பாட்டின் பின்னால் இருக்கும் பணத்தையும் அதிகாரத்தையும் நிருபரின் கண்ணோடு பார்க்க வேண்டும். கிளீசன் தினசரியில் கடைப்பிடித்த இந்த வழி புதிய ஏட்டுக்கும் வந்தது.

ஆல்டமான்ட் சோதனை

இரண்டே ஆண்டுகளில் அந்த வழிக்குக் கடுமையான சோதனை ஏற்பட்டது.

1969 நவம்பரில் 'ரோலிங் ஸ்டோன்ஸ்' இசைக்குழு அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்தது. டிக்கெட்டுக்கு 5, 6, 7 டாலர் என்று வாங்குவது அநியாயம் என்று கிளீசன் கிரானிக்கிளில் சாடினார். ரசிகர்களை மதிப்பவர்கள் இப்படிப் பணம் பறிக்கமாட்டார்கள் என்பது அவருடைய வாதம். கண்டனம் பரவியது. சுற்றுப்பயணத்தின் முடிவில் இலவச நிகழ்ச்சி ஒன்று நடத்துவதாகக் குழுவினர் அறிவித்தார்கள். அந்த அறிவிப்புக்குக் கிளீசனின் கண்டனமும் ஒரு காரணம் என்று சொல்லப்படுகிறது.

இடம் கடைசி நேரம் வரை முடிவாகவில்லை. முடிவில் ஆல்டமான்ட் என்ற கார்ப் பந்தயத் திடல் கிடைத்தது. அவசர அவசரமாக மேடை போட்டார்கள். அதன் உயரம் நாலடிகூட இல்லை. மேடையைச் சுற்றிக் காவலுக்கு நின்றவர்கள் 'ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்' என்ற மோட்டார் சைக்கிள் கும்பல். டிசம்பர் 6-ந் தேதி ஏறத்தாழ 3 லட்சம் பேர் கூடினார்கள். நாள் முழுவதும் அடிதடி. இரவில் மேடைக்கு எதிரிலேயே 18 வயதுக் கறுப்பு இளைஞர் ஒருவர் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். கார் மோதி இருவரும், கால்வாயில் மூழ்கி ஒருவரும் மாண்டார்கள்.

முதலில் வந்த செய்திகள் சிலவற்றில் கூட்டத்தையும் போக்குவரத்து நெரிசலையும் பற்றித்தான் அதிகம் இருந்தது. ரோலிங் ஸ்டோன் பத்திரிகைக்கோ தர்மசங்கடம். ஸ்டோன்ஸ் குழுவின் பாடகர் மிக் ஜாகர், வென்னருக்கு வேண்டியவர். ஏற்பாட்டில் பங்கு கொண்ட கிரேட்புல் டெட் குழுவினரோ கிளீசன் வளர்த்துவிட்டவர்கள். இலவச நிகழ்ச்சி வேண்டும் என்ற எண்ணத்தைக் கிளப்பியதில் கிளீசனின் பேனாவுக்கும் பங்கு உண்டு. எல்லாரும் வாயை மூடிக்கொள்ளக் காரணம் இருந்தது.

கிளீசன் மூடிக்கொள்ளவில்லை. பெரிய தினசரி ஒன்று பெரும் விபத்தை எப்படி விசாரித்து எழுதுமோ, அப்படியே இதையும் எழுத வேண்டும் என்று வற்புறுத்தினார். யார் இடம் பார்த்தார்கள், யார் காவலுக்கு ஆள் வைத்தார்கள், யார் பொறுப்பு என்று கேட்கச் சொன்னார். நிருபர்கள் பலர் கிளம்பினார்கள். 1970 ஜனவரி 21-ந் தேதி இதழில் விரிவான அறிக்கை வெளிவந்தது. ஸ்டோன்ஸ் குழுவையும் அது விட்டுவைக்கவில்லை. 'எஸ்குயர்' பத்திரிகையிலும் கிளீசன் தனியே நீண்ட கட்டுரை எழுதினார்.

ஆல்டமான்ட் அறிக்கைக்கும், சார்லஸ் மேன்சன் கொலை வழக்கு பற்றிய கட்டுரைக்குமாக ரோலிங் ஸ்டோனுக்கு 1971-ல் தேசியப் பத்திரிகை விருது கிடைத்தது. பாட்டுப் பத்திரிகைதானே என்று அலட்சியமாகப் பேசியவர்கள் அதன் பிறகு அப்படிப் பேசவில்லை.

கடைசி ஆண்டுகள்

1970-ல் பேன்டசி இசைத்தட்டு நிறுவனத்தின் துணைத் தலைவர்களில் ஒருவரானார். தினசரிப் பத்தியின் சுமை குறைந்தது. ரோலிங் ஸ்டோனில் 'பெர்ஸ்பெக்டிவ்ஸ்' என்ற தலைப்பில் தொடர்ந்து எழுதினார். அரசியலையும் விடவில்லை. ஜனாதிபதி நிக்சன் ஆட்சியினர் தயாரித்த எதிரிகள் பட்டியலில் இடம் பெற்ற ஒரே இசைப் பத்திரிகையாளர் இவர்தான் என்பார்கள்.

வென்னருக்கும் அவருக்கும் அடிக்கடி மோதல் வந்தது. விலகுவதாக மிரட்டியதும் உண்டு. ஆனாலும் உறவு அறுந்துவிடவில்லை.

கிளீசனுக்கு நீரிழிவு நோய் இருந்தது. 1975 ஜூன் 3-ந் தேதி மாரடைப்பால் காலமானார். வயது 58 தான்.

ஜாஸ் கலைஞர்களைப் பற்றி அவர் எழுதியவை அதே ஆண்டு புத்தகமாக வந்தன. 2016-ல் அவருடைய தேர்ந்தெடுத்த கட்டுரைகளையும் ஜாஸ் பேட்டிகளையும் அவருடைய மகன் தொகுக்க, யேல் பல்கலைக் கழகப் பதிப்பகம் இரண்டு நூல்களாக வெளியிட்டது. ரோலிங் ஸ்டோனின் இந்தியப் பதிப்பு 2008-ல் மும்பையில் தொடங்கியது.

நாளேட்டின் கலைப் பக்கத்தைப் பொழுதுபோக்குக்காகப் புரட்டுகிறவர்களே அதிகம். அந்தப் பக்கத்தில் எழுதுகிறவருக்கும் நீதிமன்றச் செய்தி எழுதுகிறவருக்கு உள்ள அதே கடமை உண்டு என்று கிளீசன் நம்பினார். நல்ல பாட்டைக் கேட்டால் மனம் விட்டுப் புகழ்ந்தார். தப்பு நடந்தால், தமக்குப் பிடித்த பாட்டுக்காரர் செய்திருந்தாலும் கணக்குக் கேட்டார். இளைஞர்கள் அவரை நம்பியதற்கு அதுவே காரணம்.