ஹாப்கின் பெருமகனார்

உத்திரமேரூரைச் சூழ்ந்த சிற்றூர்களில் மாலைதோறும் பாலைக் காய்ச்சி, ஆறவைத்து, சிறிது உறைமோர் ஊற்றி மூடிவைத்தல் வழக்கம். விடிவதற்குள் பால் தயிராகிவிடுகின்றது. உறைமோரிலுள்ள நுண்ணுயிர்கள் பாலை உணவாகக் கொண்டு இரவெல்லாம் பல்கிப் பெருகுவதே இதற்குக் காரணமாகும். ஆய்வுக்கூடங்களிலும் நுண்ணுயிர்கள் இவ்வாறே உணவிட்டு வளர்க்கப்படுகின்றன. ஆயின், அங்கு வளர்வன சிலவேளை உயிரைப் போக்கும் கொடுங்கிருமிகளாகும். அத்தகைய கிருமிகளை வளர்த்து, அவற்றைக் கொண்டே மக்களைக் காத்தவர் வால்டிமர் ஹாப்கின் ஆவார்.

அவர் 1860ஆம் ஆண்டில், அந்நாளில் இரஷியப் பேரரசுக்கு உட்பட்டிருந்த ஒதெசா நகரில், யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். மெச்சினிக்காவ் என்னும் பேரறிஞரிடம் உயிரியல் பயின்றார். யூதராகப் பிறந்தமையால் அந்நாட்டில் அவருக்கு உயர்பதவி கிட்டவில்லை. பதவிக்காகச் சமயம் மாற அவர் உடன்படவும் இல்லை. ஆகவே நாட்டை விட்டு வெளியேறி, பாரிசு நகரத்துப் பாஸ்டர் நிலையத்தில் நூலக உதவியாளராக அமர்ந்தார். அங்கே காலராக் கிருமியை ஆராய்ந்து, 1892ஆம் ஆண்டில் தடுப்பு மருந்து ஒன்றைக் கண்டார். அதனை முதலில் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். மறு ஆண்டு இந்தியாவுக்கு வந்து, பல்லாயிரவர்க்கு அம்மருந்தை அளித்தார்.

1896ஆம் ஆண்டில் பம்பாய் நகரைப் பிளேக் என்னும் கொள்ளைநோய் பற்றியது. மக்கள் நகரைத் துறந்து ஓடினர். அரசினர் அழைப்பை ஏற்றுப் பம்பாய் சென்ற ஹாப்கின், கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் சிறிய இடம் ஒன்றில் ஆராய்ச்சியைத் தொடங்கினார். குடுவையில் இறைச்சிச் சாற்றை நிரப்பி, அதன்மேல் நெய்த்துளிகளை மிதக்கவிட்டுக் கிருமியை வளர்த்தார். நெய்த்துளிகளின் அடியில் கிருமித் திரள்கள் ஆலம் விழுதுகளைப் போலத் தொங்கி வளர்ந்தன. பின்னர் அச்சாற்றை 70 பாகை வெப்பத்தில் ஒரு மணி நேரம் வைத்துக் கிருமிகளைக் கொன்றார். இறந்த கிருமிகள் நோயை உண்டாக்கமாட்டா. ஆனால் நோயை எதிர்க்கும் ஆற்றலை உடலில் தோற்றுவிக்கும். 1897ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள் இம்மருந்தையும் அவர் தம் உடலிலேயே முதலில் சோதித்தார். பின்னர் இலட்சக்கணக்கானோர் அதனை இட்டுக்கொண்டனர்.

1902ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் பெருந்துயர் ஒன்று நேர்ந்தது. பஞ்சாபு மாநிலத்து முல்கோவால் என்னும் சிற்றூரில் 107 பேருக்கு ஊசி போடப்பட்டது. ஒரே புட்டியிலிருந்து மருந்து பெற்ற 19 பேர் தனுர்வாதம் கண்டு இறந்தனர். மற்றப் புட்டிகளின் மருந்தைப் பெற்றோர்க்கு அந்நோய் வரவில்லை. விசாரணைக் குழுவினர் பம்பாய் ஆய்வுக்கூடத்தின் மீது பழி சுமத்தினர். ஹாப்கின் பதவி இழந்தார்.

அவர் மனம் தளரவில்லை. சான்றுகளைத் தேடித் தொகுத்தார். அந்நாளில் புட்டியின் அடைப்பை எடுக்கும் இடுக்கி தரையில் விழுந்தது என்பதும், முறைப்படி தூய்மை செய்யப்படாமலே அது மீண்டும் பயன்படுத்தப்பட்டது என்பதும் வெளிப்பட்டன. தனுர்வாதக் கிருமி மண்ணில் வாழ்வது. 1907ஆம் ஆண்டில், ரொனால்டு ராஸ் உள்ளிட்ட பத்து அறிஞர்கள் ஹாப்கினுக்காகக் குரல் எழுப்பினர். பழி நீங்கியது. அவர் மீண்டும் இந்தியாவில் பணியாற்றினார். பம்பாய் ஆய்வுக்கூடம் 1925ஆம் ஆண்டில் அவர் பெயரைப் பெற்றது. 1930ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் அவர் மறைந்தார்.

மாணவர்களே! பள்ளி ஆய்வுக்கூடத்தில் நீங்கள் அகர்க் கூழில் நுண்ணுயிர் வளர்க்கும்போது, தரையில் விழுந்த அந்த இடுக்கியை நினைவில் கொள்ளுங்கள். கிருமியை எடுக்கும் கம்பியைச் சுடரில் செந்நிறமாகக் காய்ச்சுங்கள். உடலிலிருந்து எடுத்த கிருமிகளை வளர்த்தலாகாது. தட்டின் மூடியை ஒட்டியபின் திறத்தலும் ஆகாது. உடற்சூட்டில் வளர்வனவே பெரும்பாலும் மனிதர்க்குத் தீங்கு செய்வன. ஆதலின் தட்டை 25 பாகை அளவிலேயே வையுங்கள். பணி முடிந்ததும் ஆசிரியர் துணையுடன் அழுத்தக் கலத்தில் 121 பாகை நீராவியில் 15 நிமிடம் வைத்துக் கிருமிகளைக் கொன்ற பின்னரே தட்டை அகற்றுங்கள். கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். பேரறிஞர் கண்ட மருந்தும் தூய கையால் எடுத்தாளப்பட்டால்தான் உயிர் காக்கும்.